விரத மாதத்தில் கொதித்த கடல்

கடல் கொதிக்கும் என்று என் அம்மா நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் அதை நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

அம்மாவின் பெயர் தவநாயகி. டூட்டிங்கில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டு, அவை சூடாக வெளியே வரும்போது மடித்து அடுக்க வேண்டும். ஆள் கட்டை. ஆனால் அவருடைய அவசரம் பெரியது. பஸ் அடுத்த தரிப்பிடத்துக்கு வர முன்னமே எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கதைக்கும்போதும் அப்படித்தான். ஒரு வசனம் முடிய முன்னமே அடுத்தது தொடங்கிவிடும். கேட்கிறவர்கள்தான் மூச்சு வாங்க வேண்டும்.

கொதிக்கிற கடலை அம்மா முதலில் கண்டது தொண்ணூறாம் ஆண்டு ஜூலையில். எங்கள் தமிழ்ச் சங்கம் வருடா வருடம் கோச் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போகும். அந்த வருடம் ஹேஸ்டிங்ஸ். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் புல்வெளியில் படுத்திருந்தார்கள். அம்மா மட்டும் சோற்றுப் பானையைக் கழுவுவதற்காகத் தண்ணீர் ஓரத்துக்குப் போனார். திரும்பி ஓடி வந்தபோது பாவாடை இடுப்பு வரை நனைந்திருந்தது. கையில் பானை மூடி. மூடிக்குள் சுட்டுவிரல் நீளத்தில் நாலைந்து வெள்ளி மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன.

"எழும்புங்கோ! எல்லாரும் எழும்புங்கோ! கடல் கொதிக்குது! பெரிய மீன் சின்ன மீனைக் கலைச்சுக்கொண்டு கல்லிலை வந்து ஏறுது! கொடுவா! என்ரை காலிலை முட்டினது!"

நாங்கள் எழும்பிப் போய்ச் சேர்ந்தபோது கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஒரு கடற்பறவை மிதந்துகொண்டிருந்தது. அப்பா மூடியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"வெயில் பட்டிட்டுது போலை. கொஞ்சம் நிழலிலை இரும்," என்றார்.

அன்றிலிருந்து சங்கத்தில் அம்மாவுக்கு ஒரு பட்டம் கிடைத்தது: கொதி தண்ணி. யாராவது தேநீர் போடக் கேத்திலை வைத்தால், "தவநாயகியைக் கூப்பிடுங்கோ, கெதியாக் கொதிக்கும்" என்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் வீட்டுக்கு வந்தால் சமையலறையில் பாத்திரங்களின் சத்தம் கூடிவிடும்.

அவர் கண்டது பொய்யில்லை. கோடை முற்றும்போது அந்தக் கரைகளில் சூடைக் குஞ்சு மாதிரியான பொடி மீன்கள் கூட்டம் கூட்டமாக வரும். அவற்றைத் தின்னக் கும்பளாவும், 'பாஸ்' என்று வெள்ளைக்காரர் சொல்லுகிற பெரிய மீனும் பின்னால் வரும். அம்மாவுக்கு அந்தப் பாஸ் கொடுவாதான். இரண்டுக்கும் முகம் ஒன்று, பசி ஒன்று என்பார். பொடி மீனுக்கு ஒரு பக்கம் பெரிய வாய், மறுபக்கம் கல்லுக்கரை. நடுவில் அகப்பட்டுத் துள்ளும்போதுதான் கடல் கொதிக்கும். சில நிமிடம்தான். பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கிடக்கும்.

அம்மா ஒரு தூண்டில் வாங்கினார். கண்ணாடி நாரில் செய்த நீளமான றொட், சுற்றுகிற றீல், வெள்ளித் தகட்டில் கொளுவிய மூன்று கவருள்ள தூண்டில் முள். அதைக் கொண்டு போய்ச் சலவைப் பகுதியில் தன்னோடு வேலை செய்த றெஜினோல்ட் அங்கிளுக்குக் காட்டினார். அங்கிள் யாழ்ப்பாணத்து மீனவர் ஊரான குருநகர் ஆள், கத்தோலிக்கர். குருநகர் என்றதும் பெரிய கடலோடி என்று அம்மா நினைத்துவிட்டார்.

"அக்கா, நான் அங்கை தையல்காரன்," என்றார் அங்கிள். "வள்ளத்திலை ஏறினா எனக்குச் சத்தி வரும். ஆனா என்னட்டைக் கார் இருக்கு."

அதுவே போதும் என்று அம்மா முடிவு செய்தார். கோடையும் இலையுதிர் காலமுமாக, இரண்டு பேருக்கும் ஓய்வு வந்த ஞாயிறுகளில் அங்கிளின் பழைய போர்ட் கார் தெற்கே போகும். சேலைக்கு மேல் அப்பாவின் மழை அங்கி, காலில் என்னுடைய பழைய ஓட்டச் சப்பாத்து, மடியில் புட்டுப் பெட்டி. அம்மாவின் தூண்டிலில் நண்டு வந்தது, கடற்பாசி வந்தது, ஒருநாள் ஒரு குழந்தையின் செருப்பும் வந்தது. முதல் வருடம் மஞ்சள் போட்டுப் பிரட்டிய இறாலை இரையாகக் கொளுவினார். "மஞ்சள் மணத்துக்கு வரும்" என்று அடித்துச் சொன்னார். வரவில்லை. கடல் கொதிப்பது எப்போதும் அவர் போவதற்கு முதல் நாளோ, அவர் போகாத கரையிலோதான் நடந்தது. "நேத்து வந்திருக்க வேணும்" என்று எத்தனையோ வெள்ளைக்காரர் சொல்லிவிட்டார்கள்.

பிறகு தொண்ணூற்று நாலு வந்தது. நான் பள்ளிக்கூடம் முடித்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த கோடை. அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும் டெலிபோனைச் சுற்றியே வாழ்ந்தோம்.

அம்மாவின் தம்பி பாலேந்திரா மாமா சித்திரையில் கொழும்பிலிருந்து, களவாக ஆள் அனுப்புகிற ஓர் ஏஜென்சி மூலம் லண்டனுக்குப் புறப்பட்டிருந்தார். மொஸ்கோவில் இருந்து ஒருதரம் கதைத்தார். லைன் கரகரத்தது. "அக்கா, இஞ்சை குளிர். அடுத்த கிழமை வெளிக்கிடுவம் எண்டு சொல்லுறாங்கள்" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஏஜென்சிக்காரனின் நம்பரை எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அம்மா குளிக்கப் போனாலும் என்னை டெலிபோனுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுத்தான் போவார். பிழையான நம்பருக்கு அழைத்த ஒரு கிழவியைக்கூட உடனே வைக்க விடாமல், "யூ ஆர் ஷுவர்? யூ ஆர் ஷுவர்?" என்று கேட்டார்.

நல்லூரில் கொடியேறிய அன்று அம்மா விம்பிள்டன் பிள்ளையார் கோவிலுக்குப் போனார். நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைப்பதென்றால் பிள்ளையாரிடம் ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்டேன்.

"அண்ணனிட்டைச் சொன்னா தம்பிக்குப் போய்ச் சேரும்," என்றார்.

யாழ்ப்பாணத்துச் சைவக்காரர் பலர் நல்லூர்த் திருவிழாவில், கொடியேற்றம் முதல் கடைசியில் வருகிற தீர்த்தம் வரை, இருபத்தைந்து நாளும் மச்சம் தொட மாட்டார்கள். மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. லண்டன் வந்தும் அதை விடவில்லை. ஆனால் அம்மா அதோடு நிற்கவில்லை. கற்பூரத்துக்கு முன்னால் கைகூப்பி, பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கிற மாதிரியே பேரம் பேசினார்.

"முருகா, தீர்த்தம் முடியுமட்டும் ஒரு உயிருக்கும் என்ரை கையாலை கேடு வராது. தூண்டிலைத் தொடமாட்டன். கடல் என்ரை வாசலிலை வந்து கொதிச்சாலும் தொடமாட்டன். என்ரை தம்பியை உயிரோடை கொண்டு வந்து விடு."

கடல் வாசலில் வந்து கொதிக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அந்த வருடம் சங்கத்துக்குப் புதுத் தலைவர், டொக்டர் சுப்பிரமணியன். கும்பகோணத்துக்காரர், பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாடு. ஜூலையில் கோச் கிடைக்கவில்லை என்று ஓகஸ்ட் கடைசியில் வருகிற பாங்க் ஹொலிடே விடுமுறைக்கு ஹேஸ்டிங்ஸ் பயணத்தைப் போட்டுவிட்டார். திருவிழாவின் நடுவில்! சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிற கமலாம்பிகை ரீச்சர்தான் இதைக் கோச்சுக்குள் வைத்துப் பிடித்தார்.

"டொக்டர், நீங்கள் பஞ்சாங்கம் பாக்கிறேல்லையோ? திருவிழாவுக்கை ஆரும் உல்லாசப் பயணம் போறதே?"

"மன்னிச்சுக்கங்க டீச்சர். எங்க ஊர்ப் பக்கம் நல்லூர்க் கணக்கு யாருக்கும் தெரியாதுங்க. ஆனா பாருங்க, இன்னிக்கு எல்லாரும் எங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிடுறீங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம்."

தயிர்ச்சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். கோச்சின் முன் இருக்கையில் கோவில் பிரசாதப் பெட்டி. டெலிபோனுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு மனுஷியை இருத்திவிட்டுத்தான் அம்மா கோச்சில் ஏறினார். றெஜினோல்ட் அங்கிள் மட்டும் கோழிக்கறி வைத்த பாண் துண்டொன்றைச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். அம்மாவின் தூண்டிலையும் அவர்தான் கொண்டுவந்தார். அம்மா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உதை ஏன் கொண்டு வந்தனீ?"

"சும்மா அக்கா. கார் டிக்கியிலை கிடந்தது. அதுக்கும் ஒருக்காக் கடலைக் காட்டுவம் எண்டு."

பகல் முழுவதும் கடல் விலகிக் கிடந்தது. பின்னேரம்தான் ஏறத் தொடங்கியது. கோச் சாரதி ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பாய்களைச் சுருட்டி, பானைகளை ஏற்றி, எல்லோரும் மேலே வீதியில் ஏறிவிட்டோம். அம்மா கடைசி ஆளாகக் கல்லுக்கரையில் ஏறி வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் பறவைகள் கத்தின.

அது வழக்கமான கத்தல் இல்லை. சந்தையில் ஒருவன் விலையைப் பாதியாகக் குறைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவது போலக் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். கடலுக்குள் நீண்டிருந்த மரத்தடுப்புக்குப் பக்கத்தில் தண்ணீர் கறுத்திருந்தது, மேகத்தின் நிழல் விழுந்த மாதிரி. ஆனால் வானத்தில் மேகம் இல்லை. அந்தக் கறுப்பின் மேல் பறவைகள் கல் விழுவதுபோல விழுந்தன. கறுப்பு கரையை நோக்கி நகர்ந்தது. பிறகு அதன் ஓரம் கிழிந்தது. பொடி மீன்கள் கைநிறைய அள்ளி எறிந்த அரிசி மாதிரி மேலே சிதறின. விழுந்த இடத்தில் இன்னொரு சிதறல். எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம், ஆனால் ஒரு மைதானம் அளவு சட்டி.

கோச்சின் படியில் ஒரு கால் வைத்திருந்த அப்பா அப்படியே நின்றார்.

"இஞ்சேரும்," என்றார். "இஞ்சேரும்! தவநாயகி! கொதிக்குது!"

அம்மா எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டார். கல்லுக்கரையில் செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் றெஜினோல்ட் அங்கிள் தூண்டிலோடு, அவருக்குப் பின்னால் சங்கம் முழுவதும். கோச் சாரதியும் வந்தார். தடுப்பின் அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர்கள் றொட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

கிட்டப் போய்ப் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தண்ணீர் என் முழங்கால் அளவுகூட இல்லாத இடத்தில், என் கை நீளத்துக்குச் சாம்பல் நிற முதுகுகள் உருண்டன. முள்ளுச் செட்டைகள் நிமிர்ந்து, கிழித்து, மறைந்தன. கும்பளாக்கள் பச்சைக் கோடுகளாகப் பாய்ந்து, வேகத்தை நிறுத்த முடியாமல் கல்லின் மேலேயே வந்து விழுந்து துடித்தன. ஒவ்வொரு அலையும் பொடி மீனைக் கொண்டுவந்து எங்கள் காலடியில் கொட்டியது. கற்களுக்கு இடையில் எங்கும் வெள்ளி. டொக்டர் சுப்பிரமணியன் சப்பாத்தோடு தண்ணீருக்குள் நின்றுகொண்டு, கழுத்தில் தொங்கிய கமராவை மறந்து, "ஐயோ! ஐயய்யோ! பாருங்க! பாருங்க!" என்று எல்லோரையும் தோளில் அடித்துக்கொண்டிருந்தார்.

றெஜினோல்ட் அங்கிள் தூண்டிலை அம்மாவின் கையில் திணித்தார்.

"அக்கா, பிடியுங்கோ! நாலு வருசம்! எறியுங்கோ!"

அம்மாவின் விரல்கள் பிடியைச் சுற்றி மூடின. நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய கட்டைவிரல் தானாகவே றீலின் நூலைத் தேடிப் போனதைக் கண்டேன். ஒரு கொடுவா அவருடைய கால்களுக்கு நடுவில் புகுந்து போனது. அம்மாவின் வாய் திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர், "கோ ஒன், லவ்! கோ ஒன்!" என்று கத்தினார்.

அம்மா தூண்டிலைத் தீயைத் தொட்ட மாதிரித் திருப்பிக் கொடுத்தார்.

"ஏலாது றெஜி. நீ எறி."

"எனக்கு எறியத் தெரியாது அக்கா!"

"நாலு வருசம் பக்கத்திலை இருந்து என்னத்தைப் பாத்தனீ? நூலை விரலாலை பிடி! பின்னாலை கொண்டு போ! பின்னாலை ஆக்களைப் பார்! இப்ப விடு! விடடா!"

அங்கிள் விட்டார். வெள்ளித் தகடு கடலுக்குப் போகாமல் டொக்டரின் தொப்பியைக் கொளுவித் தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது தரம் கடலில் விழுந்தது. விழுந்த கணமே றொட் வளைந்தது. அம்மா கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், தண்ணீருக்குள் துள்ளித் துள்ளிக் கத்தினார். "சுத்து! சுத்தாதை, விடு! இப்ப சுத்து!" ஒன்றுக்கொன்று எதிரான அந்தக் கட்டளைகளில் எதை அங்கிள் கேட்டார் என்று தெரியாது. பெரிய முதுகு ஒருதரம் மேலே வந்து காட்டிவிட்டு முள்ளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வீச்சில் ஒரு கும்பளா வந்தது.

அம்மா கால்மாட்டில் துடித்த பொடி மீன்களைப் பார்த்தார். உடனே குனிந்து, சேலைத் தலைப்பை விரித்து, அள்ளி அள்ளிக் கடலில் விடத் தொடங்கினார். உயிர் காப்பாற்றுவது நேர்த்திக்கு நல்லதுதானே. ஆனால் அவர் கொட்டிய இடத்திலெல்லாம் ஒரு பெரிய வாய் திறந்து மூடியது.

"அக்கா," என்றார் அங்கிள் மூச்சு வாங்கியபடி, "நீங்கள் உயிர் காப்பாத்துறியளோ, கொடுவாவுக்குச் சோறு போடுறியளோ?"

அம்மா குனிந்தபடியே நின்று யோசித்தார். பிறகு தலைப்பை உதறிவிட்டு, நிமிர்ந்து, சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்றார். மீன்கள் அவருடைய காலில் முட்டி முட்டிப் போயின. அவர் நகரவில்லை.

கரையில் இன்னொரு விவாதம் சூடாகிக்கொண்டிருந்தது. கல்லில் ஏறிக் கிடந்த கும்பளாக்களை என்ன செய்வது? திருவிழாக் காலத்தில் தின்னக் கூடாது. ஆனால் எடுத்து வைத்து, திருவிழா முடியத் தின்னலாமா? ஒருவர் தொட்டாலே குற்றம் என்றார். இன்னொருவர், அது தானாக வந்து ஏறினது, நாங்கள் கொல்லவில்லை என்றார். எல்லோரும் தீர்ப்புக்காகக் கமலாம்பிகை ரீச்சரைப் பார்த்தார்கள். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டார்.

"தம்பி றெஜினோல்ட்," என்றார் மெதுவாக. "உம்மடை வீட்டுப் பிறீசர் பெரிசோ?"

அவ்வளவுதான். கத்தோலிக்கர் தொடலாம், கத்தோலிக்கர் வைத்திருக்கலாம். எல்லோரும் அங்கிளுக்கு மீனைக் காட்டிக் கொடுக்க, அவர் ஒருவரே ஓடி ஓடிப் பொறுக்கினார். "அது எங்கடை." "இல்லை, இதுதான் எங்கடை, வால் கொஞ்சம் கிழிஞ்சது." தயிர்ச்சாதப் பானை மீனால் நிறைந்தது. நிமிர்ந்து பார்த்தபோது பறவைகள் போய்விட்டிருந்தன. கடல் கண்ணாடியாகக் கிடந்தது.

கோச்சில் மீன் மணத்துக்குள் பிரசாதப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரீச்சர் அதை லண்டன் வரை தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருவரும் அம்மாவைக் கொதி தண்ணி என்று கூப்பிடவில்லை. நனைந்த சேலையோடு அம்மா ஜன்னலோரம் இருந்தார். அப்பா பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு கேட்டார்.

"ஒருக்கா எறிஞ்சிருக்கலாமே. ஆர் பாக்கப் போறது?"

"எறிஞ்சிருந்தா, பிறகு போன் அடிக்காட்டி நான் ஆரைக் குற்றம் சொல்லுறது?"

அப்பா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அம்மாவின் மடியில் போட்டார்.

போன் அடிக்கவில்லை. தேர் முடிந்தது, தீர்த்தம் முடிந்தது. தீர்த்தத்தன்று அம்மா வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் டெலிபோனுக்கு முன்னால் இருந்தார். நான் கொடுத்த தேநீர் ஆறி ஆடை படிந்தது. அடுத்த நாள் காலையில் எழும்பி வந்து பார்த்தால், அம்மா மழை அங்கியோடு சமையலறையில் நிற்கிறார். புட்டு அவிந்துகொண்டிருந்தது.

"வேலை இல்லையோ அம்மா?"

"லீவு சொல்லிப்போட்டன். றெஜியும் வாறான். நான் என்ரை பங்கைச் செய்திட்டன், பிள்ளை. முருகன் தன்ரை பங்கைச் செய்யேல்லை. இனி என்னைப் பிடிக்க ஏலாது. நீயும் வா. இந்தப் போனுக்குப் பக்கத்திலை இருந்து இருந்து உனக்கும் வேர் விட்டிட்டுது."

அப்பா ஏற்கனவே ஷிப்டுக்குப் போய்விட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்கள் புறப்பட்டோம்.

அமாவாசை முடிந்த நீர், நடுப்பகலில் கல்லுக்கரையின் உச்சி வரை ஏறி நின்றது. அதே தடுப்புக்குப் பக்கத்தில் அம்மா கோபத்தோடு எறிந்தார். சுற்றினார். எறிந்தார். புட்டைக்கூடத் தொடவில்லை. தூரத்தில் பறவைகள் கூடியபோது றெஜினோல்ட் அங்கிள்தான் முதலில் கண்டார். அவர் சொல்லி முடிக்க முன்னம் அம்மா கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தார். இந்தமுறை கொதிப்பு சின்னது, ஒரு வீட்டு முற்றம் அளவு. ஆனால் அம்மாவின் கை கட்டப்பட்டிருக்கவில்லை. வெள்ளித் தகடு வெயிலில் ஒருதரம் மின்னி, கொதிப்பின் நடுவில் போய் விழுந்தது.

றொட் குனிந்தது. றீல் அலறியது. அம்மா கத்தவே இல்லை. நாலு வருடம் கத்திய மனுஷி அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, ஓட விட்டு, இழுத்து, ஓட விட்டு, அலையோடு சேர்த்துக் கல்லின் மேல் ஏற்றினார். நான் பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் அமத்தினேன். முள்ளுச் செட்டை உள்ளங்கையில் குத்தியது. என் கை நீளத்துக்கு வெள்ளி. அம்மா அதற்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்து அதன் முகத்தைப் பார்த்தார்.

"கொடுவா," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது காருக்குள் கதைத்துத் தீர்த்தார். எப்படி வெட்டுவது, தலைக்கு என்ன குழம்பு, யார் யாருக்கு எந்தத் துண்டு. எங்கள் தெருவுக்குள் கார் திரும்பியபோதும் கதைத்துக்கொண்டிருந்தார். பிறகு நின்றுவிட்டார்.

எங்கள் வாசற்படியில் ஒரு ஆள் இருந்தார். மெல்லிய கோட், பெரிய தாடி, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. கதவில் தலையைச் சாய்த்து நித்திரை. பக்கத்தில் அடுத்த வீட்டு மனுஷி வைத்துவிட்டுப் போன தேநீர்க் கோப்பை. எனக்கு அவரை யாரென்று தெரியவில்லை. கார் நிற்க முன்னமே அம்மா கதவைத் திறந்துவிட்டார்.

"பாலா!"

மீனைக் கீழே வைக்க அவருக்கு நினைவு வரவில்லை. மாமாவைக் கட்டிப் பிடித்தபோது கொடுவாவும் நடுவில் இருந்தது. மாமாவின் கோட்டில், தாடியில் எல்லாம் செதில்.

"காலமை தொடக்கம் ஹீத்ரோவிலை இருந்து போன் அடிச்சனான் அக்கா," என்றார் மாமா. "ஒருத்தரும் எடுக்கேல்லை. வீடு மாறிட்டியளோ எண்டு பயந்திட்டன். விலாசத்தைக் காட்டிக் காட்டி வந்தனான்."

அம்மா என்னைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். எத்தனையோ மாதம் போனுக்குப் பக்கத்தில் இருந்தவர், வீட்டைப் பூட்டிக்கொண்டு போன ஒரே நாளில் அது அடித்திருக்கிறது.

"இந்தக் கோதாரி மீனாலை," என்று மீனுக்கு ஒரு அடி போட்டார். உடனே அதைத் தடவியும் கொடுத்தார். "பரவாயில்லை. உனக்காகத்தான் வந்தது. போய்க் குளி. தலையைக் குழம்பு வைக்கிறன், நடுத்துண்டைப் பொரிக்கிறன்."

மாமா குளித்துவிட்டு வந்து, அப்பாவின் சாரத்தை உடுத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். அம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மாமா மீனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"அக்கா," என்றார். "நான் மச்சம் விட்டிட்டன்."

கத்தி நின்றது.

"மொஸ்கோவிலை காய்ச்சல் வந்து கிடந்தனான். ஒரு அறைக்குள்ளை பதினெட்டுப் பேர். பக்கத்திலை கிடந்தவன் எழும்பேல்லை. அப்ப நல்லூரானுக்கு நேர்த்தி வைச்சனான். உயிரோடை உன்னட்டை வந்து சேர்ந்தா, அடுத்த வருசத் திருவிழா முடியுமட்டும் மச்சம் தொடமாட்டன் எண்டு."

அம்மா கத்தியைக் கழுவி வைத்தார். சுவாமிப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து நான் கிட்டப் போனேன். இல்லை, சிரிப்பு.

"என்னட்டை இருபத்தைஞ்சு நாள், இவனிட்டை ஒரு வருசமோ? முருகா, நீ நல்ல வியாபாரியடா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். "றெஜி! போகாதை! பிறீசரிலை இடம் இருக்கோ?"

அன்று எல்லோரும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சாப்பிட்டோம். அம்மா அதற்குப் பிறகு வைத்த எந்தக் கறியையும் மாமா அப்படிச் சாப்பிட்டு நான் காணவில்லை.

கொடுவா இப்போதும் றெஜினோல்ட் அங்கிள் வீட்டுப் பிறீசரில்தான் இருக்கிறது. கும்பளாக்களை ரீச்சர் முதல் எல்லோரும் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "வால் இடிச்சுக் கதவு பூட்டுதில்லை, எடுத்துக்கொண்டு போங்கோ" என்று அங்கிளின் மனைவி றோஸ்மலர் அன்ரி கிழமைக்கு ஒருதரம் போன் எடுக்கிறார். அம்மா கேட்பதில்லை. இவ்வளவு நாள் வைத்த மீன் இனிச் சமைக்க உதவாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் எறிய மனம் இல்லை.

போன ஞாயிறு நாங்கள் மறுபடி ஹேஸ்டிங்ஸ் போனோம். மாசி மாதக் குளிர், காற்று காதை அறுத்தது. முள் இல்லாமல், வெறும் ஈயக்கட்டியை நூலில் கட்டி, மாமா எறியப் பழகினார். பிடிக்கக் கூடாது, ஆனால் பழகலாம் என்று இரண்டு பேரும் தங்களுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள். அம்மா பின்னால் நின்று, "நூலை விரலாலை பிடி! பின்னாலை ஆக்களைப் பார்!" என்று கத்தினார். ஈயக்கட்டி சாம்பல் கடலில் விழுந்தது. மாமா மெதுவாகச் சுற்றினார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பறவைகூட இல்லை.

"அக்கா," என்றார் மாமா. "மெய்யாத்தான் கொதிக்குமோ?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் மாமாவுக்கு என் உள்ளங்கையைக் காட்டினேன். செட்டை குத்திய இடம் இன்னும் தெரிகிறது.